சில்லறை இல்லண்ணே, நாளைக்குக் குடுங்க

எடுத்ததும் ஒரு கேள்வி. நீங்க அடிக்கடி சாப்பிடப் போற ஹோட்டல் ஒண்ணு இருக்கும்ல? அங்க உங்களுக்கு இலை போடுறவரோட பேர் என்ன?

ஹோட்டல் பேர் தெரியும். எந்த ஐட்டம் நல்லா இருக்கும்னு தெரியும். கூகுள்ல எத்தனை ஸ்டார்னு கூடத் தெரியும். ஆனா பரிமாறுறவர் பேர்? "அண்ணே"ன்னு கூப்பிடுவோம், அதோட சரி. அவருக்கு உங்களைப் பத்தி நிறையவே தெரியும். தேங்காய்ச் சட்னி தொடமாட்டீங்க, காரச் சட்னி ரெண்டு தடவை கேட்பீங்க. செமஸ்டர் நேரத்துல தனியா வந்து போன்ல பிடிஎஃப் பார்த்துக்கிட்டே சாப்பிடுவீங்க. மாசக் கடைசியில பொடி தோசையிலிருந்து சாதா தோசைக்கு இறங்கிடுவீங்க. இதெல்லாம் அவர் தலைக்குள்ள இருக்கு.

எனக்கு இது எப்படித் தெரியும்னா, எங்க அப்பா ஒரு சப்ளையர்.

நம்ம பக்கம் ஹோட்டல்ல பரிமாறுறவரை சப்ளையர்னுதான் சொல்வாங்க. அப்பா இந்த வேலைக்கு வந்து 24 வருஷம் ஆச்சு. முதல் 15 வருஷம் ராஜபாளையத்துல. அப்புறம் இந்த 9 வருஷமா எங்க ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு சைவ அசைவ ஹோட்டல்ல.

எடிட்டர் டீம் என்கிட்ட கேட்டது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பத்தி ஒரு கட்டுரை. இதுவும் ப்ராஜெக்ட் பத்தினதுதான், கொஞ்சம் சுத்தி வந்து சேருவேன். எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம், தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. ஒற்றுப்பிழை இருந்தா அது எடிட்டர் கணக்கு.

வேலைன்னா என்ன வேலை?

மேனேஜ்மென்ட் எலெக்டிவ்ல "கஸ்டமர் ரிடென்ஷன்"னு படிச்சோம்ல? வந்த வாடிக்கையாளரைத் தக்கவைக்கிறது. புதுசா ஒருத்தரைப் பிடிக்கிறதை விட இருக்கிறவரைத் தக்கவைக்கச் செலவு கம்மின்னு எழுதி மார்க்கும் வாங்கினோம். அந்த யூனிட் முழுக்க எனக்கு அப்பா ஞாபகம்தான். ஏன்னா பிளஸ் ஒன் படிக்கும்போதிருந்து ஆடிப்பூரத் தேர் சமயம், சபரிமலை சீசன்னு கூட்டம் நெரியிற நாட்கள்ல நானும் போய்த் தண்ணி வைப்பேன், இலை போடுவேன். அப்பா எனக்குச் சொல்லிக்குடுத்ததை இங்க வரிசையா எழுதுறேன்.

முதல் பாடம்: முகத்தைப் பார்க்காதே, கையைப் பாரு. சாப்பிடுறவங்க முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா அவங்களுக்குக் கூச்சமா இருக்கும், சோறு இறங்காது. கையைப் பார்த்தா போதும். பிசையிற வேகம் குறைஞ்சா குழம்பு பத்தலைன்னு அர்த்தம். கேட்ட பிறகு கொண்டு போனா அது வெறும் வேலை. கேட்கிறதுக்கு ஒரு நொடி முன்னாடி வாளியோட பக்கத்துல நின்னா அதுதான் கவனிப்பு.

ரெண்டாவது: உட்கார வைக்கத் தெரியணும். வயசானவங்களைக் கை கழுவுற இடத்துக்குப் பக்கத்துல, ஆனா தரை ஈரமா இல்லாத பக்கம். கைக்குழந்தையோட வர்றவங்களுக்குச் சுவர் ஓரம். தனியா சாப்பிடுறவரை ரோட்டைப் பார்த்த மாதிரி. தனியா வந்தவரை ஒரு பெரிய குடும்பத்துக்கு எதிர்ல உட்கார வச்சா, அவர் பாதியிலேயே எழுந்து போயிடுவாராம்.

மூணாவது: தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருக்கணும். ஒரு சார் வாரத்துல மூணு நாள் சாயங்காலம் வருவார். டபுள் ஆம்லெட், மேல மிளகு தூக்கலா. வீட்ல சுத்த சைவம். ஒருநாள் மனைவி, மாமியார், பிள்ளைங்கன்னு மொத்தக் குடும்பத்தோட வந்து உட்கார்ந்தார். அப்பா நேராப் போய், "வாங்க சார், வணக்கம். இங்க என்னென்ன இருக்குன்னு சொல்லட்டுமா?"ன்னு கேட்டார். முதல் தடவை வர்ற ஆளைக் கேட்கிற மாதிரி! அந்த சார் மூச்சு விட்டதை நான் தண்ணி ஜக்கோட நின்னு பார்த்தேன். இதே ஒரு ஆப்பா இருந்தா என்ன செஞ்சிருக்கும்? "உங்களுக்குப் பிடித்த டபுள் ஆம்லெட்டை மீண்டும் ஆர்டர் செய்யலாமா?"ன்னு மாமியார் முன்னாடி பளிச்சுன்னு காட்டியிருக்கும்.

நாலாவது: வராத ஆளையும் கவனிக்கணும். தனியா இருக்கிற ஒரு தாத்தா, ராத்திரி ஏழேகாலுக்கு ரெண்டு இட்லி. சேர்ந்தாப்ல ரெண்டு நாள் அவரைக் காணோம். மூணாவது நாள், அந்தத் தெரு வழியா வீட்டுக்குப் போற கிளீனர் பையன்கிட்ட விசாரிச்சிட்டு வரச் சொன்னார் அப்பா. பல் பிடுங்கியிருக்காங்களாம். அன்னைக்கு ராத்திரியே பார்சல் போச்சு. சட்னி இல்லை, சாம்பாரை ஆறவச்சு, இட்லியை மட்டும் சுடச்சுட இல்லாம வெதுவெதுன்னு.

இதுல எதுவுமே மெனு கார்டுல கிடையாது. பில்லுலயும் வராது.

ராஜபாளையம்: சில்லறை இல்லாத கல்லா

இனி தலைப்புக்கு வர்றேன். ராஜபாளையத்தைப் பத்தி வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் கேட்டா நாய்னுதான் சொல்வாங்க. ஆனா அந்த ஊரை நிறுத்தி வச்சிருக்கிறது நூல். 1936ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதுக்கப்புறம் ஊரைச் சுத்தி ஸ்பின்னிங் மில்லுங்க வந்தது. பக்கத்துல சத்திரப்பட்டியில காயத்துக்குக் கட்டுற பேண்டேஜ் துணி நெய்றாங்க. மில்லுன்னா ஷிஃப்ட். ஷிஃப்ட்டுன்னா நேரங்கெட்ட நேரத்துல பசியோட வர்ற ஆளுங்க. அப்பா அப்ப வேலை பார்த்த ஹோட்டல் அந்த ஆளுங்களை நம்பித்தான் ஓடுச்சு.

சம்பளம் வந்த வாரத்துல பரோட்டாவோட சுக்கா. கடைசி வாரத்துல பரோட்டாவோட வெறும் சால்னா. அதுக்கும் இழுக்கிற நாட்கள் வரும். சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிட்டு வர்ற அண்ணன் ஒருத்தர் சட்டைப் பையில கை விடுறதை வச்சே அப்பாவுக்குத் தெரிஞ்சிடும். காசு இருக்கிறவர் டக்குனு எடுப்பார். இல்லாதவர் கை உள்ளேயே கொஞ்ச நேரம் தேடும். அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள அப்பா முந்திக்கிட்டு, பக்கத்து டேபிளுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார்: "அண்ணே, சில்லறை இல்லண்ணே, நாளைக்குச் சேர்த்துக் குடுங்க."

கல்லாவுல சில்லறை நிறைய இருக்கும். முதலாளிக்கும் இந்த விஷயம் தெரியும். அந்தப் பக்கம் திரும்பி நோட்டுல ஒரு வரி எழுதிக்குவார். கடன் சொன்னது ஹோட்டல்தான், சாப்பிட்டவர் இல்லை. இப்படி ஆளை மாத்திப் போட்டுட்டா அவர் தலை நிமிர்ந்து வெளியே போகலாம், மறுநாளும் வரலாம். கடன் கேட்டுட்டுப் போனவர் வெட்கப்பட்டு அடுத்த தெருவு வழியா சுத்திப் போவார். சில்லறை பாக்கி வச்சவர் நேரா உள்ள வருவார்.

திருக்குறள்ல விருந்தோம்பல் அதிகாரத்துல விருந்தாளியை அனிச்சப் பூவோட ஒப்பிடுற குறள் ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. அந்தப் பூவாவது மோந்து பார்த்தாத்தான் வாடும், விருந்தாளிக்கு நம்ம முகம் கொஞ்சம் மாறினாலே போதும்கிற அர்த்தம். மனப்பாடப் பகுதியா அதைப் படிச்சப்ப எனக்குப் பெருசா ஒண்ணும் தோணலை. அந்தப் பாக்கெட்டுக்குள்ள தேடுற கையைப் பத்தி அப்பா சொன்னப்பதான் அந்தப் பூ புரிஞ்சது.

"யாராவது ஏமாத்திட்டுப் போனாங்களாப்பா?"ன்னு ஒரு தடவை கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "ரெண்டு பேர்"னார். "அதுல ஒருத்தர் மூணு வருஷம் கழிச்சு வந்து குடுத்துட்டுப் போயிட்டார்."

முதலாளிக்கு வயசாகி அந்த ஹோட்டலை மூடினதும், அப்பா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துட்டார். ரெண்டு ஊருக்கும் நடுவுல பஸ்ல அரை மணி நேரம். அதுக்கப்புறம் நடந்ததைக் கவனிங்க. ஆண்டாள் கோயிலுக்கு வர்ற ராஜபாளையத்துக்காரங்க, கோர்ட் வேலையா வர்றவங்க, "அவர் இப்ப எந்த ஹோட்டல்ல இருக்கார்?"னு விசாரிச்சு இங்க வந்து உட்கார ஆரம்பிச்சாங்க. போர்டு வேற, முதலாளி வேற, சால்னாவோட ருசி வேற. ஆனா ஆள் அதே ஆள். இவங்க ஹோட்டலுக்கு வாடிக்கையாளரா, இல்லை எங்க அப்பாவுக்கா? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, ப்ராஜெக்ட்ல திரும்ப வரும்.

எங்க ஊர்ப் பால்கோவாவை எடுத்துக்கோங்க. 2019ல புவிசார் குறியீடு கிடைச்ச பண்டம். பஸ்ஸை விட்டு இறங்கினா கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் பால்கோவா கடைதான். பாலும் சர்க்கரையும் எல்லாக் கடைக்கும் ஒண்ணுதான். வெளியூர்க்காரங்க போர்டைப் பார்த்து வாங்குவாங்க. எங்க வீட்ல ஒரே கடைதான், நான் பிறக்கிறதுக்கு முன்னாடியிருந்து. காரணம் கேட்டா அம்மா ருசியைப் பத்திப் பேசமாட்டாங்க. "அந்த அக்கா நம்மளை விசாரிப்பாங்கடா"ன்னுதான் சொல்வாங்க.

2020

2020ல பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே எழுதாம பாஸான பேட்ச் நாம. நமக்கு அது ஜாலியான கதை. அப்பாவுக்கு அந்த மார்ச் மாசக் கடைசியோட வேலை நின்னுபோச்சு. ஹோட்டல்ல பார்சல் மட்டும்னு ஆனப்ப, சப்ளையருக்கு என்ன வேலை? மாஸ்டருங்க ரெண்டு பேர் மட்டும் இருந்தாங்க. தினக்கூலி இல்லை, படி இல்லை.

வீட்ல அம்மா இட்லி மாவு அரைச்சு விக்கலாம்னு முடிவு பண்ணாங்க. மாவு யார் வேணா அரைக்கலாம், வாங்க ஆள் வேணுமே. அப்பா தன்னோட பட்டன் போனை எடுத்து உட்கார்ந்தார். விளம்பரம் எல்லாம் இல்லை. "சார், நல்லா இருக்கீங்களா? சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?"ன்னுதான் ஒவ்வொருத்தரையும் கேட்டார். மாவு விஷயம் பேச்சோட பேச்சாத்தான் வந்தது. முதல் வாரம் மாவு வாங்கின 14 வீடும் அப்பா பரிமாறின ஆளுங்க வீடுதான். அந்த ஆம்லெட் சார் வீடும் அதுல ஒண்ணு. பிளஸ் ஒன் அட்மிஷன் ஃபீஸ் அந்த மாவுக் காசுல கட்டினது. நான் இங்க உங்களோட இன்ஜினியரிங் படிக்கிறதுக்கு, யாருக்கோ எப்பவோ சரியான நேரத்துல ஊத்தின சாம்பாரும் ஒரு காரணம்.

நியூயார்க்ல ஒரு ஹாட் டாக்

இதெல்லாம் நம்ம ஊர் சென்டிமென்ட், பிசினஸ்ல எடுபடாதுன்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டு வெளி உதாரணம்.

நியூயார்க்ல இலெவன் மேடிசன் பார்க்னு ஒரு உணவகம். 2017ல உலகின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியல்ல முதலிடம் வாங்கினது. அதை நடத்தின வில் கிடாரா, 2022ல "அன்ரீசனபிள் ஹாஸ்பிடாலிட்டி"ன்னு ஒரு புத்தகம் எழுதினார். அதுல ஒரு சம்பவம். வெளிநாட்டுல இருந்து வந்த நாலு பேர், "நியூயார்க்ல எல்லாம் சாப்பிட்டோம், ரோட்டோர வண்டி ஹாட் டாக் மட்டும் சாப்பிடலை"ன்னு தங்களுக்குள்ள பேசிக்கிட்டது அவர் காதுல விழுது. அவர் வெளியே ஓடிப்போய் 2 டாலருக்கு ஒரு ஹாட் டாக் வாங்கி, சமையல்காரரைக் கெஞ்சி, நாலாக வெட்டித் தட்டுல அழகா வச்சுக் குடுக்கிறார். அவ்வளவு விலை உயர்ந்த சாப்பாட்டை விட அந்தத் துண்டுதான் அவங்களுக்குப் பிடிச்சுதாம். அதுக்கப்புறம் இந்த மாதிரி வேலைக்குன்னே அங்க தனியா ஆள் போட்டாங்க. "ட்ரீம்வீவர்"னு பதவிப் பேர். ஆறின சாம்பார் பார்சல் அனுப்பின எங்க அப்பாவுக்கு அப்படி ஒரு விசிட்டிங் கார்டு கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெண்டாவது, மும்பை தாஜ் ஹோட்டல். 2008 நவம்பர் 26 தாக்குதல்ல, தப்பி ஓட வழி தெரிஞ்ச ஊழியர்கள் கூட விருந்தினர்களை வெளியே அனுப்புறதுக்காக உள்ளேயே நின்னாங்க. சிலர் உயிரையும் விட்டாங்க. அவங்க ஏன் அப்படி நடந்துக்கிட்டாங்கன்னு ஆராய்ஞ்சு, ரோஹித் தேஷ்பாண்டேயும் அஞ்சலி ரெய்னாவும் 2011 டிசம்பர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவுல ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஹீரோயிசம் இல்லை, அதுக்கு முன்னாடி நடந்த சாதாரண வேலைகள். தாஜ் பெரிய நகரங்களை விட்டுட்டுச் சின்ன ஊர்கள்ல ஆள் தேடுச்சு. சென்னையை விட்டுட்டுத் திருச்சி, கோவை. மத்த இடங்கள்ல 12 மாசப் பயிற்சின்னா இங்க 18 மாசம். நிறுவனத்துக்கும் விருந்தினருக்கும் நடுவுல ஒரு முடிவு எடுக்கணும்னா விருந்தினர் பக்கம் நில்லுன்னு சொல்லிக்குடுத்தாங்க. நல்லது செஞ்ச ஊழியரைக் கண்டுபிடிச்சுப் பாராட்ட ஒரு முறையும் வச்சிருந்தாங்க.

விருந்தினர் உறவுன்னு எல்லாரும் பேசுறோம். அந்த உறவு நிக்கிறது பரிமாறுற ஆள் மேல. வாடிக்கையாளர் நிலைக்கணும்னா முதல்ல சப்ளையர் நிலைக்கணும். இந்தக் கட்டுரையில நான் சொல்ல வந்தது இது ஒண்ணுதான்.

ஊரைச் சுத்திப் போற ரோடு

இப்போ ப்ராஜெக்ட். மதுரையில இருந்து கொல்லம் போற தேசிய நெடுஞ்சாலை 744 நமக்கெல்லாம் தெரிஞ்ச ரோடுதான். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டைன்னு போகும். குற்றாலம் சீசனும் சபரிமலை சீசனும் இந்த ரோட்டுலதான் ஓடும். திருமங்கலத்துல இருந்து ராஜபாளையம் வரைக்கும் நான்குவழிச்சாலை வருது. அது ஊருக்குள்ள வராம வெளியே சுத்திப் போகுது. ட்ராஃபிக் குறையும், விபத்து குறையும், நல்லதுதான். ஆனா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற ஹோட்டலுக்கு, வேன்ல வந்து இறங்கி முப்பது இலை போடச் சொல்ற கூட்டம் இனிமே வராது.

எங்க ஹோட்டல் அண்ணாச்சி போன வருஷம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற? டேபிளுக்கு டேபிள் க்யூஆர் கோடு ஒட்டி, கஸ்டமரே ஆர்டர் போடுற மாதிரி பண்ணிக் குடு. ஆறு சப்ளையர் எதுக்கு, மூணு போதும். ஒரு டெலிவரி ஆப்லயும் சேர்ந்துடலாம்னு பார்க்கிறேன்."

அவர் கெட்ட மனுஷன் இல்லை. வருமானம் குறையப் போகுது, செலவைக் குறைக்கணும், கணக்கு சரிதான். அதைச் சொல்லும்போது அப்பா ரெண்டு டேபிள் தள்ளி இலை எடுத்துக்கிட்டு இருந்தார். ஆறு பேர்ல அவருக்குத்தான் வயசு அதிகம், முழங்கால் வலியும் இருக்கு. வீட்டுக்குப் போற வழியில அப்பா சொன்னது ஒரே வரி: "உன் படிப்புக்கு எது நல்லதோ அதைச் செய்."

எங்க டீம்ல மூணு பேர். க்யூஆர் ஆர்டரிங் எங்களுக்குக் கஷ்டமே இல்லை, ரெண்டு மாசத்துல முடிச்சு ரிவ்யூவுல காட்டிடலாம். ஆனா கட்டுறதுக்கு முன்னாடி அளந்து பார்க்கணும்னு முதல் வருஷத்துல இருந்து சொல்லிக்குடுத்திருக்காங்கல்ல? ஒரு வாரம் கல்லா பக்கத்துல உட்கார்ந்து பார்த்தோம். ரெண்டு விஷயம் தெரிஞ்சது.

ஒண்ணு, காலை டிபனுக்கு வர்றவங்கள்ல பெரும்பாலும் தெரிஞ்ச முகம். கணக்குப் போட்டுப் பாருங்க. வேன்ல வந்தவர் 120 ரூபாய்க்குச் சாப்பிட்டுப் போனா அதோட முடிஞ்சது. தினமும் 60 ரூபாய்க்கு டிபன் சாப்பிடுறவர் மாசம் 25 நாள் வந்தா 1,500 ரூபாய், வருஷத்துக்கு 18,000. வீட்ல காதுகுத்து, வளைகாப்புன்னா அந்தச் சாப்பாட்டு ஆர்டரும் இங்கதான். நான்குவழிச்சாலை வந்த பிறகும் ஹோட்டலைத் தூக்கி நிறுத்தப் போறது இவங்கதான். இவங்க வர்றதுக்குக் காரணமான ஆளுங்கள்ல பாதிப் பேரை அனுப்பிட்டு, இவங்களை எப்படி வச்சுக்கிறது?

ரெண்டு, சப்ளையருங்க நேரம் எங்க போகுதுன்னா, பேசுறதுல இல்லை, நடக்கிறதுல. ஆர்டரை அடுப்படிக்குப் போய்க் கத்திச் சொல்லணும். ரெடியான்னு பார்க்க மறுபடி போகணும். பில் எழுதக் கல்லாவுக்குப் போகணும். நாள் முழுக்க இந்த முக்கோணம்தான்.

டெலிவரி ஆப் விஷயத்தையும் தேடிப் படிச்சோம். 2021ல இந்திய தேசிய உணவகங்கள் சங்கம், ஸ்விகி, சொமேட்டோ மேல இந்தியப் போட்டி ஆணையத்துல புகார் குடுத்தது. கமிஷன் அதிகம்கிறதோட, வாடிக்கையாளர் யார்ங்கிற தகவலை உணவகத்துக்குக் காட்டாம மறைக்கிறாங்கங்கிறதும் அந்தப் புகார்ல ஒண்ணு. 2022 ஏப்ரல்ல ஆணையம் விசாரணைக்கு உத்தரவு போட்டது. நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன கேள்வி இங்க வருது: வாடிக்கையாளர் யாருடைய ஆள்? ஹோட்டலா, சப்ளையரா, ஆப்பா? அண்ணாச்சிகிட்ட இதை எடுத்துச் சொன்னோம். "உங்க சாப்பாட்டை ஆப் கொண்டு போய்க் குடுக்கும். ஆனா யார் சாப்பிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாமலே போயிடும்"னு.

அதனால நாங்க பண்ணினது வேற. சப்ளையர் கையில ஒரு சின்னப் போன். டேபிள் நம்பரைத் தொட்டு ஆர்டரைத் தொட்டா, அடுப்படியில ஒரு ஸ்க்ரீன்ல விழும். ரெடியானதும் போன் லேசா அதிரும். பில் கல்லாவுல தானா வந்துடும். வாடிக்கையாளர் கண்ணுக்கு எதுவுமே மாறலை. அதே அண்ணன், அதே "என்ன சாப்பிடுறீங்க?". மெஷின் நடையைக் குறைக்கட்டும், பேச்சு மனுஷன்கிட்டயே இருக்கட்டும்கிறதுதான் டிசைன்.

ஒரு இடத்துல மட்டும் அப்பா எங்களை நிறுத்தினார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் "குறிப்பு"ன்னு ஒரு கட்டம் வச்சிருந்தோம். யாருக்கு என்ன பிடிக்கும், யாருக்கு சுகர், யார் யாரோட வருவாங்கன்னு எழுதி வச்சா புது சப்ளையருக்கும் உதவுமேன்னு. அப்பா அதைப் பார்த்துட்டு, "காரம் கம்மி, எண்ணெய் கம்மி, இதெல்லாம் எழுதிக்கோ. மத்தது வேண்டாம் தம்பி. என் தலையில இருக்கிறது என்னோட போயிடும். இதுல எழுதினா யார் யாரோ படிப்பாங்க"ன்னார். 2023ல நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. தேவைக்கு மேல தகவல் சேகரிக்கக் கூடாதுங்கிறது அதோட அடிப்படைகள்ல ஒண்ணு. எட்டாவது வரைக்கும் படிச்ச எங்க அப்பா, அந்தச் சட்டத்தைப் படிக்காமலே எங்க டேட்டாபேஸ்ல இருந்து மூணு காலத்தைத் தூக்க வச்சார்.

இன்னும் முடியலை

இப்போதைக்கு நிலைமை இதுதான். சித்திரை வரைக்கும் ஆறு சப்ளையரையும் வச்சுக்கிட்டு இதை ஓட்டிப் பார்க்கலாம்னு அண்ணாச்சி ஒத்துக்கிட்டார். அதுக்கப்புறம் கணக்கு பார்த்துத்தான் சொல்வார். வாடிக்கையாளர் மூலமா விசேஷ ஆர்டர் பிடிச்சுக் குடுக்கிற சப்ளையருக்கு அதுல ஒரு பங்கு குடுங்கன்னு கேட்டிருக்கேன். "யோசிக்கிறேன்"னு சொல்லியிருக்கார். கடைகள்ல வேலை பார்க்கிறவங்க உட்கார இருக்கை போடணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டத்தைத் திருத்தினாங்க. அதைச் சொல்லி எங்க ஹோட்டல்லயும் கேட்டதுல, அடுப்படி வாசல் பக்கத்துல ஒரு பெஞ்ச் வந்திருக்கு. கூட்டம் இல்லாத மூணு மணிக்கு அப்பா அதுல உட்காருவார்.

இந்த மாதிரி கட்டுரைகள்ல சர்வீஸ் பண்றவங்களைப் புகழ்ந்துட்டு நிறுத்திடுவாங்க. புகழ்ச்சி முழங்கால் வலிக்கு மருந்து இல்லை. அப்பாவுக்கு பிஎஃப் இல்லை, சம்பளத்தோட லீவு இல்லை. 24 வருஷமா எத்தனையோ பேரோட பசியையும் மானத்தையும் ஞாபகம் வச்சிருக்கிற ஒரு மனுஷனை, ஞாபகம் வச்சுக்க ஒரு ரெஜிஸ்டர் கிடையாது. நாளைக்கு நம்மள்ல பல பேர் ஹோட்டலுக்கு, கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் எழுதப் போறோம். "இந்த வேலையில எத்தனை பேரைக் குறைக்கலாம்?"னு க்ளையன்ட் கேட்பார். கேட்கட்டும். கோடு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அங்க போய் உட்காருங்க. அந்த ஆளுங்க என்ன செய்றாங்கன்னு அவங்க கையைப் பாருங்க. மெனுவுலயும் பில்லுலயும் வராத வேலை எவ்வளவுன்னு எண்ணிப் பாருங்க. அப்புறம் எழுதுங்க.

ஆடிப்பூரத் தேருக்கு எங்க ஊர்ப் பக்கம் வந்தீங்கன்னா மெசேஜ் பண்ணுங்க, ஹோட்டல் எதுன்னு சொல்றேன். கூட்டமா இருக்கும், இடம் கிடைக்கக் கொஞ்சம் நேரமாகும். ரெண்டாவது தடவை வரும்போது நீங்க எங்க உட்காருவீங்க, எந்தச் சட்னி கேட்பீங்கன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். கையில காசு கம்மின்னாலும் வாங்க. கல்லாவுல சில்லறை இருக்காது.